எட்டா, ஒன்பதா

ஆசிப்புக்கு வந்த கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது. கல்யாணம் தள்ளிப் போகிறது, கடை ஓடவில்லை என்றால் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு எத்தனை தட்டு என்று தெரியவில்லை என்று போய் யாரிடம் அழுவது? அவன் அத்தா பீர் முகம்மதுவிடம் சொல்லிப் பார்த்தான். அவர் உக்கடத்தில் பிரியாணி வேகும் பெரிய பாத்திரங்களான தேக்சாக்களை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். "எண்ணிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு, மூடி இல்லாமல் திரும்பி வந்த ஒரு தேக்சாவைத் திட்டப் போய்விட்டார்.

எண்ணித் தெரிவதாக இருந்தால் அவன் ஏன் இப்படிக் கிடந்து சாகிறான்.

ஆசிப், சபரீஷ், பிரவீனா மூவரும் காலேஜில் ஒரே வகுப்பு. அப்போது ஆரம்பித்த ராக் பேண்ட், பெயர் ‘உச்சி வெயில்’. சபரீஷுக்கு இப்போது சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, பாட்டும் கிட்டாரும் அவனுடையது. பிரவீனா கணக்கு லெக்சரர். பேஸ் கிட்டார் வாசிப்பாள், மற்ற இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பதும் அவள்தான். ஆசிப் ட்ரம்ஸ். வருகிற சனிக்கிழமை ஒரு இஞ்சினியரிங் காலேஜில் போட்டி. அதற்கென்று சபரீஷ் ‘எந்திரி’ என்று ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தான்.

கோபமான பாட்டு அது. தூங்குகிற ஜனங்களைப் பார்த்து எந்திரி, பூட்டை ஒட, வெளிய வா என்று கத்துகிற பாட்டு. சபரீஷ் மைக்கைப் பிடித்தால் தொண்டைக்குள்ளிருந்து உறுமல்தான் வரும், அதில் எது வார்த்தை, எது செருமல் என்று பெற்ற தாய்க்கும் புரியாது. கையோ தொண்டையோடு ஒட்டிப் பிறந்தது. வாய் எத்தனை அசை விடுகிறதோ அத்தனை தடவை கிட்டாரையும் சுண்டும். மைக்கைக் கீழே வைத்துவிட்டால் அவனைப் போல் சாதுவை அந்த ஜில்லாவிலேயே பார்க்க முடியாது. டவுன் பஸ்ஸில் எவனாவது இவன் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்பது இவன்தான்.

தாளம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாட்டில் ஒரு சுற்றுக்கு இத்தனை தட்டு என்று ஒரு கணக்கு இருக்கும். எட்டு என்றால் எட்டு எண்ணி முடித்ததும் மறுபடி ஒன்று. அந்த ஒன்றில் ட்ரம்மர் ஓங்கி ஒரு போடு போடுவான், பாட்டும் கிட்டாரும் அங்கே வந்து சேர்ந்து இறங்கும். கேட்கிறவனுக்குத் தலை தானாக ஆடுவது அதனால்தான். ‘எந்திரி’யில் அந்த ஒன்று எங்கே என்பதுதான் தகராறு. முதல் வரிக்கு ஆசிப் எட்டு எண்ணிப் போட்டால் பொருந்தும். இரண்டாவதும் பொருந்தும். மூன்றாவதில் இவன் போட்டு முடித்த பிறகு சபரீஷ் நிதானமாக வந்து இறங்குவான். சரி, ஒன்பது போலிருக்கிறது என்று அடுத்த வரிக்கு ஒன்பது எண்ணினால், அவன் எட்டிலேயே முடித்துவிட்டு இவனை முறைத்துக்கொண்டு நிற்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வந்தது. ஆசிப் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டான்.

எழுதியவனைக் கேட்டால் எட்டுதான்டா, சாதாரண எட்டு என்று அடித்துச் சொன்னான். பிரவீனா ஒத்துக்கொள்ளவில்லை. எட்டும் ஒன்பதும் மாறி மாறி வருகிறது, அதனால் மொத்தம் பதினேழு என்று போர்டில் எழுதிக் காட்டினாள். பத்து வந்த பிறகு அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள், அதை அவளே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் பெரிய பேண்டுகள் எல்லாம் கேட்கிறவனைக் குழப்ப வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள் என்று அவள் சொன்னதும் சபரீஷுக்கு முகம் மாறியது. "அது... எனக்கே தெரியாம உள்ள இருந்து வந்திருக்கும்" என்றான். அதற்கப்புறம் எட்டு என்று சொல்வதை விட்டுவிட்டான்.

ஒத்திகையெல்லாம் கணபதியில் பிரவீனா வீட்டு மாடியில். நடுவில் பிரவீனாவின் அம்மா துணி எடுக்க வருவார், குடியிருப்பவர்களின் குழந்தை கதவோரம் வந்து விரல் சப்பிக்கொண்டு நிற்கும், இவர்கள் பாட்டுக்கு வாசிப்பார்கள். அந்த வாரம் எடுத்த எடுப்பில் எல்லாமே இடறியது. முடிந்ததும் பிரவீனா லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். ட்ரம்ஸ் சத்தத்தை அதிலேயே போட்டுவிடலாம், அது தடுமாறாது என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆசிப் இந்தப் பாட்டின் தாளம் என்னவென்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை லேப்டாப்தான்.

"கோவிச்சுக்காதே ஆசிப்பு. போன ரெண்டு ப்ரோக்ராம்லயும் நீ தடுமாறுனது ஜனங்களுக்கே தெரிஞ்சு போச்சு."

கடையில் ஆசிப்பை யாராவது ஏறிட்டுப் பார்த்தால் அது கரண்டி எங்கே, மூடி எங்கே என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். தம்பி, பெரிய தேக்சா, சின்ன தேக்சா, அதைத் தாண்டி அங்கே பேச்சு கிடையாது. ட்ரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் மட்டும் அவன் ஓர் ஆள். அவன் போட்டால்தான் மற்றவர்கள் இறங்க முடியும். அந்த ஸ்டூலை ஒரு லேப்டாப்புக்கு விட்டுக்கொடுப்பதை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் மனுஷனாக இல்லை. சபரீஷ் தன் வீட்டு ஹாலில் போனில் பதிந்து அனுப்பியிருந்த பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் தட்டினான். ஒவ்வொரு ஒன்றுக்கும் முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஏனுங்க, கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்று சொல்வதற்குள் எண்ணிக்கை விட்டுப் போகும். கடையில் தேக்சா வாடகைக்கு எடுக்க வந்தவர்கள், இவன் அதைத் தட்டுவதைப் பார்த்து, விரிசல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு வேறொன்றைக் கேட்டு வாங்கிப் போனார்கள். வீட்டில் சோற்றுத் தட்டில் தட்டினான். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அக்கா ரிஃபானா பார்த்துவிட்டு, இவனுக்கு ஏதோ பிடித்திருக்கிறது, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சாஜிதா பேகம் நிஜமாகவே வாங்கி வந்து கொடுத்தார். ஆசிப் மறுபேச்சு இல்லாமல் குடித்தான். ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் எதைத்தான் குடிக்க மாட்டான்?

வெள்ளிக்கிழமை வந்தது. சபரீஷை அரை நாள் லீவு போட்டுக் கடைக்கு வரச் சொல்லியிருந்தான். ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்து கடையைத் திறக்க எப்படியும் நேரமாகும். வீட்டை ஒட்டிய பின்பக்கக் குடோனில் தேக்சாக்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் நடுவே ஆசிப் குச்சியோடு உட்கார்ந்தான். எதிரே சபரீஷ் கிட்டாரோடு நின்று உறுமத் தொடங்கினான்.

எட்டு. முதல் வரி எட்டு, மூன்றாவது வரி எட்டு, கடைசி வரை எட்டே எட்டு. போட்ட போடெல்லாம் பொருத்தமாக விழுந்து குடோன் அதிர்ந்தது. ஆசிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை என்றான்.

இரண்டாம் தடவை பாதியில் அம்மா டீ கொண்டுவந்தார். வந்தவர், பாட்டு நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்று நிலைப்படியிலேயே தட்டோடு நின்றார். ஒன்பது. மறுபடி ஒன்பது. ஆசிப்புக்குக் கை நழுவியது. அம்மா டீயை வைத்துவிட்டுப் போனார். எட்டு.

ஆசிப் தட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் மூளை வேறு எங்கோ ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ரிஃபானாவின் மகள் ஹிபா, இன்னும் பள்ளிக்கூடம் போகாத பொடிசு, ஒரு மூடியை இழுத்துப் போட்டு சபரீஷுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். சபரீஷ் அவளைப் பார்த்தபடி உறுமினான். பத்து.

ஆசிப் எழுந்து, கையில் தாளம் விடாமல், உறுமுகிற வாய்க்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தான். சத்தத்துக்கு அடியில் வார்த்தை கேட்டது. "எந்திரி கண்ணு. பூட்டை ஒட கண்ணு. வெளிய வா கண்ணு."

அவன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு குடோனுக்கு வெளியே வந்துவிட்டான். அங்கே அம்மா அவனிடம் மெல்லிய குரலில், "அந்தத் தம்பி என்னைப் பாத்து பூட்டை ஒடைங்க, பூட்டை ஒடைங்கன்னு கெஞ்சுதே, சாவி உங்கத்தாகிட்ட இருக்குதுன்னு சொல்லுடா" என்றார்.

ஆக விஷயம் இவ்வளவுதான். பெரிய பேண்டும் இல்லை, பதினேழும் இல்லை. கூட்டாளியைப் பார்த்துப் பாடினால் எந்திரி, எட்டு. பெரியவர்களைப் பார்த்தால் எந்திரிங்க, ஓர் அசை கூடி ஒன்பது. குழந்தையைப் பார்த்தால் எந்திரி கண்ணு, இரண்டு கூடிப் பத்து. மேட்டுப்பாளையத்துக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, ஆத்திரத்தில் கத்தினாலும் ஆளுக்குத் தக்க மரியாதையோடு கத்துகிறான். அது அவனுக்கே தெரியவில்லை.

ஆசிப்புக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. சொன்னால் என்ன ஆகும்? சபரீஷ் திருத்திக்கொள்வான். பாட்டு சுத்தமான எட்டு ஆகிவிடும். எட்டைத் தட்ட எந்த லேப்டாப்புக்கும் தெரியும், இவன் அம்பேல். சொல்லாமல் விட்டால் நாளைக்கு லேப்டாப் ஒரு பக்கம், சபரீஷ் ஒரு பக்கம் இழுத்து மேடையிலேயே மானம் போகும். அப்புறம் ஆசிப்பைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடட்டுமே என்று ஒரு மனது சொன்னது. அந்த மனதின் பேச்சு அவனுக்குப் பிடித்தும் இருந்தது. என்ன பிழைப்புடா இது என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனான்.

சபரீஷ் ஒரு தேக்சா மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"உன்னைய உட்டுப்போட்டு அந்தப் பொட்டி கூடப் பாடறதுக்கு எனக்கு மனசே இல்லடா" என்றான். "ஆனா என்ர பாட்டு என்னன்னு எனக்கே புரியலையே. நான் என்னடா பண்ணட்டும்?"

போச்சு. ஆசிப் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சபரீஷ் நம்பவில்லை. அவன் வீட்டு ஹாலில் எடுத்த பதிவைப் போட்டு, மூன்றாவது வரியில் நிறுத்தி, ஆசிப் அவன் காதில் வைத்துக் கேட்க வைத்தான். அது சபரீஷின் பெரியப்பா ஊரிலிருந்து வந்திருந்த அன்றைக்கு எடுத்தது. அவர் ஹாலுக்குள் நுழைந்த இடத்தில் ஒன்பது தொடங்கியிருந்தது. சபரீஷ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஒரு புரட்சிப் பாட்டைப் பாடுகிறவன் தயவுசெய்து புரட்சி பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெளியே தெரிந்தால் எவன் மதிப்பான்?

போனில் கேட்ட பிரவீனா சந்தோஷத்தில் கத்தினாள். அப்படியென்றால் சாதாரண எட்டு, ட்ராக் போட ஒரு நிமிஷ வேலை என்றாள். ஆசிப்பை வாயாரப் பாராட்டினாள். அவன் தயங்கித் தயங்கி, நான்தான் தாளத்தைச் சொல்லிவிட்டேனே, நாளைக்கு நானே வாசிக்கிறேனே என்றான். இவ்வளவு தூரம் வந்த பிறகு ரிஸ்க் எடுக்க வேண்டாம், நாளைக்கு ஒரு நாள் அவன் ஷேக்கர் ஆட்டட்டும் என்று பிரவீனா முடித்தாள். ஷேக்கர் என்றால் வேறொன்றும் இல்லை, பெரியவர்கள் ஆட்டும் கிலுகிலுப்பை. ஹிபாவிடம் அதைவிட நல்லதாக ஒன்று இருந்தது.

சனிக்கிழமை மதியம் காலேஜ் ஆடிட்டோரியம் பிதுங்கியது. மேடை நடுவில் எல்லா பேண்டுக்கும் பொதுவாக ஒரு ட்ரம்ஸ் செட் போட்டிருந்தார்கள். நல்ல செட். ஆசிப் அதைப் பார்க்காமல் ஓரமாக ஷேக்கரோடு நின்றான். கல்யாணத்தில் பந்திக்கு அழைக்காமல் விட்டவன் நிற்பது போல்தான் நின்றான். சபரீஷுக்கு பிரவீனா ஒரே ஒரு யோசனை சொல்லியிருந்தாள்: எவர் முகத்தையும் பார்க்காதே, எதிர்ச் சுவரில் இருக்கும் எக்ஸிட் போர்டைப் பார்த்தே பாடு. மேடைக்குப் பின்னால் ஒத்திகை பார்த்தபோது லேப்டாப்பும் அவனும் பிசகாமல் போனார்கள். அவ்வளவு நன்றாகப் போனதில் ஆசிப்புக்கு மனசு விட்டுப் போனது.

மேடையிலும் முதல் இரண்டு வரி கச்சிதம். எக்ஸிட் போர்டைப் பார்த்து சபரீஷ் எந்திரி என்று உறுமினான், பையன்கள் கத்தினார்கள். அந்த நேரத்தில் ஹாலின் நடுப்பாதையில் ஒரு சலசலப்பு. வருவதாக இருந்த சிறப்பு விருந்தினருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக ட்ரஸ்டிகளின் சிநேகிதர் ஒருவரைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை போட்டு பிரின்சிபாலே முன்னால் அழைத்து வந்தார். வந்தவர் மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி சுப்பண்ணன். சபரீஷின் சொந்தப் பெரியப்பா. கூடவே பெரியம்மா சுப்பாத்தாள், கையைப் பிடித்துக்கொண்டு பேத்தி. மூவரும் முன் வரிசையில், மைக்குக்கு நேர் கீழே உட்கார்ந்தார்கள். தம்பி மகனை மேடையில் பார்த்ததும் பெரியப்பாவுக்குப் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கையைத் தூக்கிக் காட்டினார்.

சபரீஷ் கிட்டாரோடு குனிந்து கும்பிட்டான். உறுமல் பாதியாக அடங்கி, வார்த்தை மணியாக வெளியே வந்தது.

"எந்திரிங்க..."

லேப்டாப் இவனுக்காகக் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. பூட்டை ஒடைங்க என்று இவன் இறங்கியபோது அது இன்னும் முன்னால் போயிருந்தது. படிக்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் எப்படி இருக்கும் என்று ஆசிப்புக்குத் தெரியும், அதேதான். பின் வரிசையில் ஊளையிட ஆரம்பித்தார்கள். சபரீஷுக்கு வியர்த்து ஊற்றியது. எக்ஸிட் போர்டைத் தேடினான், கண் பெரியப்பாவை விட்டு நகர மறுத்தது. ஆசிப் ஒரு நிமிஷம் நின்றான். நேற்றைக்கு அவன் மனது ஆசைப்பட்டது இதைத்தான். கண் முன்னால் நடக்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை.

பிரவீனா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். "ஆசிப்பு, போடா."

ஷேக்கர் எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குச்சியை எடுத்தான். எண்ணவே இல்லை, எண்ணிப் பார்த்துத்தானே இத்தனை நாள் நாசமாய்ப் போனான். சபரீஷின் பின்னந்தலையை மட்டும் பார்த்தான். தலை பெரியப்பா பக்கம் இருந்தால் ஒரு தட்டு பொறுத்துப் போட்டான். பையன்கள் பக்கம் திரும்பினால் பொறுக்காமல் போட்டான். பேத்தி மடியில் ஏறி எட்டிப் பார்த்தபோது ‘கண்ணு’க்கும் இடம் விட்டுப் போட்டான். ஒவ்வொரு போடும் விழுந்த இடத்தில் பாட்டும் வந்து விழுந்தது. பிரவீனாவின் பேஸ் வந்து சேர்ந்துகொண்டது. ஊளை நின்று கைதட்டலாகி, பிறகு ஆட்டமாக மாறியது. அடுத்த ஒன்று எங்கே வரும் என்று அந்த ஹாலில் ஒருவனுக்கும் தெரியாது. ஆசிப்புக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் பெரியப்பா எழுந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தம்பி மகன் சபையில் நின்றுகொண்டு, இத்தனை மரியாதையாக, திரும்பத் திரும்ப எந்திரிங்க, எந்திரிங்க என்று கேட்கிறான். என்ன ஏது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தால் நன்றாகவா இருக்கும்? சிறப்பு விருந்தினர் எழுந்ததும் பிரின்சிபால் எழுந்தார். பிரின்சிபால் எழுந்ததும் லெக்சரர்கள் எழுந்தார்கள். வரிசை வரிசையாக மொத்த ஹாலும் எழுந்து, விழாவில் வாழ்த்துப் பாட்டுக்கு நிற்பது போல் கையைக் கட்டி நின்றது. வெளிய வாங்க என்றபோது பெரியப்பா ஓரடி எடுத்தும் வைத்துவிட்டார். பெரியம்மாதான் வேட்டி முனையைப் பிடித்து நிறுத்தினார்.

கடைசிப் போடு விழுந்தது. பாட்டு முடிந்து ஹால் அப்படியே அமைதியாக நின்றது. கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா மேடையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, இனி உக்காந்துக்கலாமா?"

"உக்காருங்க பெரியப்பா" என்றான் சபரீஷ். "எல்லாரும் உக்காருங்க."

ஹால் மொத்தமும் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கைதட்டத் தொடங்கியது. ஆசிப் மட்டும் எழுந்தான். அடுத்து இரண்டாவது பாட்டு, அது பழைய பாட்டு, எல்லாருக்கும் தெரிந்த சாதாரண எட்டு, லேப்டாப்பில் தயாராக இருக்கிறது. குச்சிகளை ஸ்டூலின் மேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு, ஷேக்கர் எங்கே விழுந்தது என்று தரையில் தேடினான்.

பிரவீனா மைக்கிலிருந்து விலகி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஊரையே உக்காரச் சொல்லியாச்சு. நீ எதுக்குடா எந்திரிக்கறே? உக்காரு."

ஆசிப் உட்கார்ந்தான்.